டிகிரிக்கு 120, ரயிலுக்கு 144

கோலார் தங்கவயல் மாரிகுப்பத்தில் விடியற்காலை வண்டி ஏறினால் உட்கார இடம் உண்டு. சாம்பியனில் ஏறினால் அதிர்ஷ்டம். உரிகத்தில் ஏறுகிறவர்களுக்குக் கதவோரம். கோரமண்டல், பெமல் நகர் தாண்டிப் பங்காருபேட்டை வரும்போது கை வைக்கக்கூட இடம் இருக்காது. என் அக்கா மகள் உரிகத்தில் ஏறுகிறாள். பெங்களூரில் ஒரு தனியார் கல்லூரியில் பி.சி.ஏ. கடைசி வருஷம். நான் ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதப் போகிறவன். ஒரே பெட்டி, ஒரே கதவோரம்.

அவளுடைய லேப்டாப் பையை விட்டு வெளியே வருவதில்லை. திறக்க மடி வேண்டும், மடிக்கு இடம் வேண்டும். அதனால் போனில், வலது கட்டைவிரலால் பைத்தான் எழுதுகிறாள். பைத்தானில் வரிக்கு முன்னால் விடும் இடைவெளியும் இலக்கணம். நான்கு நான்கு இடமாக விட்ட வரிகளுக்கு நடுவே ஒரு வரிக்கு மூன்று விட்டால் புரோகிராம் ஓடாது. டேகல் தாண்டி வண்டி தண்டவாளம் மாறும்போது ஒரு குலுக்கல் வரும். அந்தக் குலுக்கலில் ஓர் இடைவெளி போனது. "கொஞ்சம் அந்தாண்ட நகருங்க மாமா, கை இடிக்குது" என்றாள். எங்கே நகர்வது? எனக்குப் பின்னால் டிபன் கேரியரோடு இன்னொருவர்.

அவள் எழுதிக்கொண்டிருந்தது 12 வரி புரோகிராம். தான் இந்த வண்டியில் எத்தனை மணி நேரம் நிற்கிறோம் என்று கணக்கிடுவதற்காக எழுதியது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் கணக்கில் பாடத்தின் எடைக்கல் கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் 15 மணி நேர வகுப்பு. லேப் என்றால் 30 மணி நேரம். மூன்று வருஷப் பட்டத்துக்கு 120 கிரெடிட், அதாவது செமஸ்டருக்கு 20. செமஸ்டருக்குக் குறைந்தது 90 வேலை நாள். மாரிகுப்பத்திலிருந்து பங்காருபேட்டை 16 கிலோமீட்டர், அங்கிருந்து பெங்களூர் 70. வண்டி நல்லபடியாகப் போகும் நாளில் ஒரு வழிக்கு 2 மணி நேரம் என்று வைத்தாள். போக வர 4. 90 நாளுக்கு 360 மணி நேரம்.

20 கிரெடிட்டும் தியரி என்றால் வகுப்பில் உட்காரும் நேரம் 300 மணி. ரயிலில் 360. இதை 15ஆல் வகுத்தால் 24 கிரெடிட். ஆறு செமஸ்டருக்கு 2,160 மணி நேரம், 144 கிரெடிட். பல்கலைக்கழகம் மூன்று வருஷத்துக்குக் கேட்பதே 120தான்.

நான் கணக்குப்பிள்ளை, சும்மா விடுவேனா? "லேப் நேரத்தைச் சேர்த்தியா?" என்றேன். சேர்க்கவில்லை. 20இல் 5 லேப் என்று வைத்தால் 15 கிரெடிட் தியரிக்கு 225, லேபுக்கு 150, ஆக 375. இப்போது கல்லூரி 15 மணி நேரம் முந்துகிறது. ஒரே ஒரு கிரெடிட் வித்தியாசம். "அப்ப சமம்னு வச்சுக்கலாம்" என்றாள். ஒயிட்ஃபீல்டு வந்துவிட்டது, நான் இறங்கிவிட்டேன்.

2,160ஐ 24ஆல் வகுத்துப் பார்த்தது ஆபீசில். சரியாக 90 வந்தது. ராத்திரி பகலாக 90 நாள் இறங்காமல் வண்டியிலேயே இருந்த மாதிரி. ஒரு முழு செமஸ்டரின் நாள் கணக்கு அது.

இந்த நேரத்துக்கு விலை போட ஒரு கூலி வேண்டும். அரசு எழுத்தில் வைத்திருக்கும் அடிமட்டக் கூலியாகக் கர்நாடகத்தின் 2024-25 நூறு நாள் வேலைக் கூலியை எடுத்துக்கொண்டேன்: நாளுக்கு 349 ரூபாய். (அது கிராமத்துக்கான திட்டம், தங்கவயல் நகரசபை, எங்களுக்கு அந்த வேலையே கிடையாது. அளவுகோலாக மட்டும்.) செமஸ்டரின் 360 மணி நேரம், 8 மணி நேர நாளாக 45. கூலி 15,705 ரூபாய். மூன்று வருஷத்துக்கு 94,230. கல்லூரி ஃபீஸ் ரசீது, சீசன் டிக்கெட், புத்தகப் பில் எல்லாம் எங்கள் வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடக்கின்றன. இந்த 94,230க்கு எந்தச் சீட்டும் இல்லை.

டிக்கெட்டே பெரிய செலவு என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். ரயில்வேயில் பட்டப்படிப்பு வரை பெண் பிள்ளைகளுக்கும், 12ஆம் வகுப்பு வரை பையன்களுக்கும் இரண்டாம் வகுப்பு மாத சீசன் டிக்கெட் இலவசம். அதற்கு மேல் படிக்கும் பையன்களுக்குப் பாதி, எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு முக்கால்வாசி தள்ளுபடி. சலுகை போகச் சாதாரணப் பயணியின் டிக்கெட்டிலும், 100 ரூபாய் செலவுக்கு 54 ரூபாய்தான் வாங்கினோம் என்பது ரயில்வேயின் 2022-23 கணக்கு. அந்த வருஷம் இப்படி விட்டுக்கொடுத்த தொகை 56,993 கோடி. ரயிலை விட்டுப் பஸ்ஸில் போனாலும் 2023 ஜூன் 11 முதல் சக்தி திட்டத்தில் பெண்களுக்கு அரசு சாதாரண பஸ் இலவசம். ஆக, என் அக்கா மகளின் பயணச் செலவு பூஜ்யம். நான் இதைக் குறை சொல்ல மாட்டேன். என் அம்மா காலத்தில் பங்காருபேட்டைச் சந்தைக்குப் போகவே முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணிப் பார்த்தார்கள். ஆனால் சலுகை கொடுக்கிறவர்கள் கிலோமீட்டரைத்தான் தள்ளுபடி செய்ய முடியும். மணி நேரத்தைத் தள்ளுபடி செய்ய அவர்களிடம் ஒன்றும் இல்லை.

எங்கள் தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் வேலை இடத்துக்குப் போகும் நேரத்துக்கும் கணக்கு இருந்தது. பதிவேட்டில் காட்டிய வேலை நேரம் தவிர வேறு நேரத்தில் தொழிலாளி நிலத்துக்கு அடியில் இருக்கவே கூடாது என்றது 1952ஆம் வருஷச் சுரங்கச் சட்டம். நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் கூண்டு மாறிக் கூண்டு இறங்கி, பிறகு நடந்து, வேலை இடத்துக்குப் போய்ச் சேருவதே ஒரு வேலை. தாத்தா இறங்கிய நேரம் ஷிஃப்டுக்குள் வந்தது. பேத்தி நிற்கும் நேரம் கிரெடிட்டுக்குள் வரவில்லை.

எனக்கும் இந்த வண்டிதான் வகுப்பு. இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. பொருளாதாரம் சேர்ந்திருக்கிறேன். அங்கே கிரெடிட்டின் எடை வேறு. ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு, வகுப்பு, அசைன்மென்ட் எல்லாம் சேர்த்து. பொதுப் பொருளியல் 6 கிரெடிட், ஆய்வு முறைகள் 6 கிரெடிட். 12 பெருக்கல் 30. மறுபடியும் 360! அவளுடைய ஒரு செமஸ்டர் ரயில் நேரத்தில் என்னுடைய இரண்டு பாடமும் முடிய வேண்டும், காகிதத்தில். நிஜத்தில் பங்காருபேட்டை வரை தூக்கம், அதன் பிறகு நெரிசல். அரசின் வரி வருவாய் பற்றிய பாடத்தில் ஒரே பக்கத்தை மூன்று நாள் படித்திருக்கிறேன்.

ஆனாலும் பொது நிதியைப் படிக்க இதைவிட நல்ல ஊர் கிடையாது என்பது என் கட்சி. 15ஆவது நிதிக் குழுவின் பங்கீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2021-26க்கு, பகிர்ந்துகொள்ளும் மத்திய வரியில் 100 ரூபாய்க்கு 41 ரூபாய் மாநிலங்களுக்கு. அதில் கர்நாடகத்தின் பங்கு 3.647 சதவீதம். அதாவது 1 ரூபாய் 50 காசு. முந்தைய குழு 42இல் 4.713 கொடுத்திருந்தது, 1 ரூபாய் 98 காசு. 48 காசு எங்கே போனது என்று பெங்களூரில் அமைச்சர்கள் சண்டை போட்டார்கள். வாங்கிய 1.50இல் தங்கவயலுக்கு எவ்வளவு என்று எங்கள் வண்டியில் சண்டை நடந்தது. இரண்டும் ஒரே பாடத்தின் இரண்டு அத்தியாயங்கள்தான்.

2024-25இல் கர்நாடக பட்ஜெட் 3.71 லட்சம் கோடி. ஐந்து உத்தரவாதத் திட்டங்களுக்கு 52,000 கோடி, 100க்கு 14. அதில் யுவநிதியும் ஒன்று. பட்டம் வாங்கி ஆறு மாதம் வேலை கிடைக்காதவர்களுக்கு மாதம் 3,000, அதிகபட்சம் இரண்டு வருஷம். மொத்தம் 72,000. படிக்கும்போது ரயிலில் போட்ட 94,230ஐப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பட்டதாரிக்கு 22,230 ரூபாய் நிகர நஷ்டம். ஒன்று உதவித்தொகை, இன்னொன்று கற்பனைக் கூலி. இரண்டையும் ஒரே பத்தியில் எழுதுவது கணக்குப்பிள்ளைத் தர்மத்துக்கு ஒவ்வாது என்று தெரியும். இருந்தும் எழுதினேன்.

இன்னொரு கணக்கு சைனைட் டம்ப் (தங்கம் எடுத்த பிறகு கொட்டிய கழிவு மண் மேடு) பக்கத்தில் பிறந்தவர்களுக்கு மட்டும் வலிக்கும். 2015இல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தி மாவட்டக் கனிம அறக்கட்டளை கொண்டுவந்தார்கள். பழைய குத்தகைக்காரர்கள் ராயல்டியில் 30 சதவீதத்துக்குச் சமமான தொகையைச் சுரங்கம் பாதித்த ஊருக்குத் தனியாகக் கட்ட வேண்டும். அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம், தண்ணீர், படிப்பு. தங்கத்துக்கு ராயல்டி 4 சதவீதம் என்றால் 100 ரூபாய்த் தங்கத்தில் ஊருக்கு 1 ரூபாய் 20 காசு. தங்கவயலில் 120 வருஷத்தில் எடுத்தது சுமார் 800 டன். அதில் 1.2 சதவீதம் 9.6 டன். சுரங்கம் மூடியது 2001 பிப்ரவரி 28. சட்டம் வந்தது 14 வருஷம் கழித்து. செத்த பிறகு எடுத்த இன்ஷூரன்ஸ் மாதிரி.

நிலக் கணக்கும் ஒன்று உண்டு. பெங்களூரில் இந்திய அறிவியல் கழகம் அமைய மைசூர் அரசு கொடுத்த நிலம் 371 ஏக்கர். தங்கவயலில் 13 சைனைட் டம்புகள் பரவிக் கிடப்பது 1,003 ஏக்கர், அதைப்போல 2.7 மடங்கு. கரண்ட் கணக்கும் உண்டு. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து முதலில் கரண்ட் கொடுத்தது இந்தச் சுரங்கங்களுக்கு. பெங்களூர்த் தெருவிளக்கு எரிந்தது 1905இல்தான். அந்த மூன்று வருஷம் எங்கள் ஊர்தான் பெங்களூரைவிட வெளிச்சம் என்று லைன் வீட்டுக் கிழவர்கள் இன்றும் சொல்லிக்கொள்வார்கள். சொல்லட்டும்.

புரோகிராமிங் பாடத்துக்குத் திரும்புவோம். இரண்டாம் வருஷத்தில் அவள் என்.பி.டி.இ.எல். இணைய வகுப்பு வழியாகப் பைத்தான் படித்தாள். சென்னைக் கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் நடத்தும் 8 வார வகுப்பு. சேர, வீடியோ பார்க்க, அசைன்மென்ட் போடக் காசு இல்லை. பரீட்சை எழுத 1,000 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்குப் பாதி. 8 வாரத்துக்கு 2 கிரெடிட். கிரெடிட் 500 ரூபாய், அல்லது 250. அசைன்மென்டுக்கு 25 மார்க், பரீட்சைக்கு 75. முதலாவதில் 10, இரண்டாவதில் 30 எடுத்தால்தான் சான்றிதழ். நானும் எட்டிப் பார்த்தேன். மனுஷர் அவசரப்படாமல் சொல்லித்தருகிறார். மாலூரில் தொடங்கிய வீடியோ தேவன்கோந்தியில் சுற்ற ஆரம்பித்து ஒயிட்ஃபீல்டில்தான் மறுபடி பேசும், அது அவர் குற்றம் இல்லை.

அதில் கற்ற லூப்பை வைத்து அவள் போட்ட முதல் சொந்தக் கணக்கை இன்னும் வைத்திருக்கிறேன். ஒரு சவரன் 8 கிராம். தங்கவயலில் மொத்தமாக 5 கோடி டன்னுக்குச் சற்று மேல் பாறை வெட்டி 800 டன் எடுத்தார்கள். டன்னுக்குச் சராசரி 16 கிராம் அளவில். சவரனுக்கு அரை டன் பாறை. டம்ப் மண்ணில் டன்னுக்கு 0.7 கிராம் இருக்கிறது என்று வைத்தால், ஒரு சவரனுக்கு 11.4 டன் மண். "பாட்டி தாலியில நாலு சவரன்னா இப்ப 45 டன்னுக்கு மேல மண்ணு, மாமா" என்றாள். லாரியாக நினைத்துப் பார்த்தேன். பாட்டி அவ்வளவு பாரம் தாங்க மாட்டாள்.

அந்த 0.7இல்தான் ஆய்வு முறைகள் பாடம் உட்கார்ந்திருக்கிறது. டம்புகளில் கிடப்பது சுமார் 3.3 கோடி டன். 0.7 என்றால் 23 டன் தங்கம். 0.6 என்றால் 19.8. பத்தில் ஒரு கிராம் தவறினால் 3.3 டன் காணாமல் போகும். கிராம் 10,000 ரூபாய் என்று வைத்தாலும் அது 3,300 கோடி. மாதிரி எடுக்கும் அத்தியாயத்தை வேண்டாவெறுப்பாகப் படிக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இந்த ஒரு வரி போதும். டம்பின் மேலே ஏறி வாளியில் அள்ளினால் கடைசிக் காலத்து மண்தான் வரும். முதல் காலத்து மண் அடியில். மேல்மண்ணை மழை கரைத்துவிட்டிருக்கும், காற்று கொஞ்சம் எங்கள் மொட்டைமாடிக்குக் கொண்டுவந்துவிட்டிருக்கும். அடி வரை துளை போட்டு ஒவ்வொரு ஆழத்திலும் எடுக்காமல் சராசரி சொல்கிறவனை நம்பக்கூடாது.

ஆய்வு முறைகள் பாடம் அவளுக்கும் கடைசி வருஷத்தில் இருக்கிறது. வாரம் மூன்று வகுப்பு. அதில் ஒன்றைச் சனிக்கிழமையில் போட்டிருக்கிறார்கள். சனிக்கிழமை அவளுக்கு வேறு வகுப்பே கிடையாது. ஒரு மணி நேரத்துக்காக நான்கு மணி நேரம். 15 சனிக்கிழமைக்கு வகுப்பு 15 மணி, ரயில் 60. ஒரு கிரெடிட் வாங்க நான்கு கிரெடிட் கொடுக்கும் வியாபாரம். கந்துவட்டிக்காரன்கூட இப்படிக் கேட்க மாட்டான்.

செமஸ்டரில் 40 சதவீதம் வரை பாடங்களை ஸ்வயம் இணைய வகுப்பிலேயே எடுத்துக்கொள்ளலாம் என்று மானியக் குழுவின் 2021ஆம் வருஷ விதி இருக்கிறது. 20இல் 8 கிரெடிட். கல்லூரி ஒப்புக்கொண்டால் ரயில் நேரமும் 40 சதவீதம் குறையும் என்று முதலில் கணக்குப் போட்டோம், 144 மணி நேரம். தப்பு. ரயில் நேரம் கிரெடிட் மாதிரி சில்லறையாக மாறாது. திங்கட்கிழமை ஐந்து வகுப்பு மூன்றானாலும் வண்டிக்கு அதே நான்கு மணி நேரம். ஒரு நாள் முழுசாகக் காலியானால்தான் நான்கு மிச்சம். ஆறு நாளை நான்காக மடக்கினால் 90 நாள் 60 ஆகும், செமஸ்டருக்கு 120 மணி நேரம் கையில். மூன்று வருஷத்துக்கு 720. அந்த 90 ராப்பகலில் 30 திரும்பி வரும். கல்லூரி ஒரு ரூபாய் செலவழிக்க வேண்டாம். டைம்டேபிள் போடுகிறவர் தங்கவயல் வண்டி எத்தனை மணிக்கு என்று ஒரு தடவை கேட்டால் போதும்.

இதையெல்லாம் ஒரு தாளில் அச்செடுத்து, ஆய்வு முறைகள் பாடத்தின் சிறு ஆய்வாகவே அவள் கொடுத்துவிட்டாள். சனிக்கிழமை வகுப்பிலேயே. வாத்தியார் நிதானமாகப் படித்தாராம். கோபிக்கவில்லை.

"சாம்பிள் சைஸ் எவ்வளவும்மா?"

"ஒண்ணு சார். நான்தான்."

குறைந்தது 30 பேரிடமாவது கேட்டு வந்தால் பார்க்கிறேன் என்றிருக்கிறார். அவர் சொன்னதில் தப்பில்லை. திங்கட்கிழமை முதல் அவள் கதவோரத்தில் நின்று ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தாள்: எந்த ஸ்டேஷன், எத்தனை மணிக்கு எழுந்தாய், எத்தனை மணிக்கு வீடு. நான்கே நாளில் 26 பேர். பிறகு நிறுத்திவிட்டாள்.

"ஏம்மா, இன்னும் நாலு பேர்தானே? அடுத்த பெட்டியிலேயே முடிச்சிடலாம்."

"வண்டியில இருக்கிறவங்களைக் கேட்டா, தாக்குப்பிடிச்சவங்களைத்தானே மாமா கேக்கறோம்? பாதியில நின்னுட்டவங்க வீட்டுல இல்ல இருப்பாங்க."

ஆண்டர்சன்பேட்டையில் அவளோடு கல்லூரியில் சேர்ந்து, இரண்டாம் செமஸ்டரில் நின்றுபோன இரண்டு பேர் இருக்கிறார்கள். சாம்பியனில் ஒருத்தி. ராபர்ட்சன்பேட்டையில் துணிக்கடையில் நிற்கும் ஒரு பையன். வருகிற ஞாயிற்றுக்கிழமை நான்கு வீட்டுக்கும் போகிறோம். ஆண்டர்சன்பேட்டைக்கு நடந்தே போகலாம், போக வர 40 நிமிடம். அதையும் புரோகிராமில் சேர்க்க வேண்டும் என்கிறாள்.